பாலாற்றங்கரையில் படிக்க வேண்டிய பட்டம்

தோல் பதனிடும் ஷாப்புகளில் ஒரு பழைய சோதனை உண்டு. டிரம்மிலிருந்து எடுத்த தோலில் சிறு துண்டை வெட்டி, கொதிக்கும் நீரில் சில நிமிடம் போடுவார்கள். சுருங்காமல் வந்தால் தோல் தேறிவிட்டது. சுருண்டுவிட்டால் டிரம் இன்னும் சுற்ற வேண்டும். பதனிடாத பச்சைத்தோல் 60, 65 டிகிரி வெந்நீரிலேயே குறுகிக் குழைந்துபோகும். பட்டையில் பதனிட்டது 80 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும். குரோமியம் ஏறிய தோலோ 100 டிகிரியிலும் அப்படியே கிடக்கும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டி நீளும் ஊர்களின் வருமானமும், அவை உச்ச நீதிமன்றப் படியேறிய கதையும் இந்த நாற்பது டிகிரி இடைவெளியில் தொடங்குகின்றன.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் சமூகநீதி என்ற பெயரிலேயே இளங்கலைப் பட்டம் தருகிறார்கள். சட்டம், வரலாறு, சமூகவியல், அரசியல் கோட்பாடு எல்லாம் கலந்த படிப்பு. நமக்கு இந்தப் பாடம் புதிதல்ல. வகுப்பறைக்குள் யார் நுழையலாம் என்பதைப் பற்றி, 1920களின் வகுப்புவாரி அரசாணைகள், 1951-இல் அரசியல் சட்டத்துக்கு வந்த முதல் திருத்தம், பிறகு 69 சதவீதச் சட்டம் என்று நூறாண்டாக வாதாடி வந்திருக்கிறோம். நுழைந்த பிள்ளைக்கு ஓர் அநீதியை எப்படிக் கண்டுபிடிப்பது, எதைக் கொண்டு அளப்பது, யாரிடம் கணக்குக் கேட்பது என்று சொல்லித்தருவதில் அந்த அளவு அக்கறை காட்டவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. அப்படியொரு பட்டப்படிப்பைத் தொடங்குவதானால் வேலூர்ப் பக்கம் தொடங்கலாம். முதல் பருவத்திலேயே வேதியியல் தாள் வைத்துவிட வேண்டும்.

விலங்குத் தோலின் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரதம். மூன்று கால் எடுத்துப் பின்னிய சடைபோல மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றிக் கிடப்பதுதான் அதன் வடிவம். இந்த வடிவத்தை 1954-இல் உலகுக்குச் சொன்ன கட்டுரை சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து போனது. எழுதியவர்கள் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். அவர்களுடைய கிண்டி வளாகத்தை ஒட்டியேதான் 1948-இல் தொடங்கப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. தோலின் உள்ளமைப்பு துலங்கிய நகரத்துக்கும் தோலால் வாழும் ஊர்களுக்கும் நூறு, இருநூறு கிலோமீட்டர்தான் தொலைவு.

வெப்பம் ஏறும்போது அந்தப் பின்னல் அவிழ்கிறது, தோல் சுருங்குகிறது. பதனிடுவது என்றால் பின்னல் அவிழாமல் இழைகளைப் பிணைத்து வைப்பது. ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் இருக்கும் துவர்ப்புப் பொருள்கள் அந்த வேலையை வாரக்கணக்கில் மெல்லச் செய்யும். குரோமியம் உப்பு ஒரே நாளில் முடித்துவிடும். புரதத்தில் உள்ள அஸ்பார்டிக், குளூட்டாமிக் அமிலங்களின் முனைகளைக் குரோமியம் பற்றிக்கொண்டு, இழைக்கும் இழைக்கும் நடுவே குறுக்குப் பிணைப்பாக நின்றுவிடுகிறது. அப்படி வந்த தோல் ஈரமாக, வெளிர் நீலமாக இருக்கும். 'வெட் புளூ' என்று அதைத்தான் சொல்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி சென்னை கலைப் பள்ளியில் இந்த முறையைச் செய்து காட்டினார். பல்லாவரத்துக்குப் பக்கத்தில் அமைந்த குரோம் தோல் கம்பெனியால்தான் குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்தது. ரயிலில் அந்த நிலையத்தைத் தாண்டிப் போகும் லட்சம் பேரில் எத்தனை பேர் இதை நினைத்திருப்பார்களோ!

ஆனாலும் இந்தப் பகுதியில் குரோம் பெருகியது தானாக நடக்கவில்லை. பச்சைத்தோலையும் அரைகுறையாகப் பதனிட்ட தோலையும் ஏற்றுமதி செய்தால் லாபம் முழுக்க வெளிநாட்டானுக்குப் போகிறது, முழுமையாக முடித்த தோலும் செருப்பும்தான் போக வேண்டும் என்று 1972-இல் சீதாராமையா குழு பரிந்துரைத்தது. மத்திய அரசு ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. அன்னியச் செலாவணி பெருகியது. மேலை நாடுகளில் சூழல் சட்டங்கள் கடுமையாகித் தோல் ஆலைகள் மூடத் தொடங்கியதும் ஏறத்தாழ இதே காலத்தில்தான். அழுக்கான ஈரவேலை இங்கே வந்து சேர்ந்ததற்கு ஒரு கொள்கை முடிவும் காரணம். குற்றவாளியை ஷாப்பு முதலாளிகளில் மட்டும் தேடும் மாணவருக்கு இங்கே மதிப்பெண் குறையும்.

மாசு என்றதும் எல்லோரும் குரோமியத்தைச் சொல்கிறார்கள். பாலாற்று விவசாயியின் முதல் எதிரி சாதாரணச் சமையல் உப்பு. அறுத்த மாட்டின் தோல் ஒரு நாளிலேயே அழுகத் தொடங்கும் என்பதால், அதன் எடையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக உப்பைத் தடவித்தான் லாரியில் ஏற்றுகிறார்கள். ஷாப்பில் முதல் வேலையே அந்த உப்பை ஊறவைத்துக் கழுவுவது. வந்த உப்பு முழுக்க அப்படியே வெளியே போகிறது. பிறகு சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் மயிரைக் கரைக்கும். பிறகு அமிலம், மறுபடி உப்பு. அதற்குப் பிறகுதான் குரோமியம். அதிலும் வழக்கமான முறையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு தோலில் ஏறாமல் நீரோடு போய்விடும்.

மயிர், கொழுப்பு, சதை எல்லாம் நுண்ணுயிர்கள் தின்னக்கூடியவை. நல்ல சுத்திகரிப்பு நிலையம் இருந்தால் அவற்றை ஒழித்துவிடலாம். குரோமியத்தையும் சுண்ணாம்பு போட்டுக் கசடாகப் படியவைக்கலாம். உப்பை எந்த நுண்ணுயிரும் தின்னாது. கரைந்தது கரைந்தபடியே இருக்கும். அந்த நீர் வயலில் பாயும்போது, களிமண் துகள்களில் ஒட்டியிருக்கும் கால்சியத்தைத் தள்ளிவிட்டுச் சோடியம் இடம்பிடிக்கிறது. கால்சியம் துகள்களைச் சேர்த்துக் கட்டிவைத்திருந்தது. சோடியம் வந்ததும் அவை பிரிந்து, மண்ணின் நுண்துளைகளை அடைத்துக்கொள்கின்றன. மழை பெய்தால் நீர் இறங்காது, காய்ந்தால் மேலே ஓடு கட்டும். வேர் ஈரத்தின் நடுவிலேயே நின்றாலும் உப்பு அடர்த்தியால் நீரை உறிஞ்ச முடியாமல் வாடும். பாலாறு வேறு மணலாறு. ஆண்டின் பெரும்பகுதி மேலே நீரோட்டம் தெரியாது, ஓட்டமெல்லாம் மணலுக்கு அடியில். ஆற்றில் விட்டது கிணற்றில் எட்டிப்பார்த்தது.

இந்தக் கிணறுகள்தான் வழக்காயின. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனு போட்டது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னது. ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் நீர், பதனிடுவதில் சுமார் 170 வகை வேதிப்பொருள்கள், பயிர் செய்ய அரைகுறையாகவோ முழுமையாகவோ லாயக்கற்றுப்போன நிலம் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் என்று தீர்ப்பு எண்களாக அடுக்குகிறது. தோல் ஆலைகள் நிறைந்த மாவட்டங்களின் பட்டியலில் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று இருக்கிறது. அன்றைக்கு இந்தப் பகுதிக்கு அதுதான் பெயர். தோலைத் தொட்டதற்காகவே தீண்டப்படாதவர் ஆக்கப்பட்ட மக்களின் தலைவர் பெயரில் இருந்த மாவட்டத்தில், சுண்ணாம்புக் குழியில் இறங்கி நின்றவர்கள் பெரும்பாலும் அதே மக்கள். தீர்ப்பு இதைப் பேசவில்லை. அது நீரையும் நிலத்தையும் பற்றிய தீர்ப்பு.

ஒவ்வோர் ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்ததைப் பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதைவிடப் பெரிய காரியம் வேறு ஒன்று. நிரூபிக்கும் சுமையை நீதிமன்றம் இடம் மாற்றியது. ஆபத்து வரும் என்று நினைக்கக் காரணம் இருந்தால், அறிவியல் முடிவு உறுதியாகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தன் தொழில் கெடுதல் செய்யாது என்று தொழில் செய்பவர்தான் காட்ட வேண்டும். முன்னெச்சரிக்கைக் கொள்கை என்று இதைச் சொல்கிறார்கள். 1992 ரியோ மாநாட்டுப் பிரகடனத்தில் இருந்த இந்தக் கருத்தையும், மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையையும் நாட்டின் சட்டத்தில் ஓர் அங்கம் என்று நீதிமன்றம் அறிவித்தது.

இதன் அருமை தெரிய அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வூபர்ன் என்ற ஊருக்குப் போக வேண்டும். அதுவும் தோல் ஊர். அங்கே இரண்டு நகராட்சிக் கிணறுகளில் டிரைகுளோரோஎத்திலீன் கலந்திருப்பது 1979-இல் தெரிந்து மூடப்பட்டன. இரத்தப் புற்றுநோயில் பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் வழக்குப் போட்டன. எந்த ஆலையின் எந்தக் கழிவு, எந்த வழியாக, எந்த ஆண்டில் கிணற்றை அடைந்தது, அதுதான் நோய்க்குக் காரணமா என்று கண்ணி கண்ணியாக நிரூபிக்கும் வேலை அவர்கள் தலையில் விழுந்தது. நிலத்தடி நீரோட்ட வல்லுநர்களுக்குப் பணம் கொட்டியே வழக்கறிஞர் திவாலானார். 1986-இல் தோல் ஆலைக்குப் பொறுப்பான நிறுவனத்தை ஜூரிகள் விடுவித்தார்கள். இன்னொரு நிறுவனம் 80 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. இரண்டு தோல் ஊர்கள், இரண்டு கிணற்று வழக்குகள். நிலத்தடியில் நடப்பதைத் தெரிந்துகொள்ளப் பணம் வேண்டும், பணம் யாரிடம் இருக்கிறது என்பதை வேலூர் வழக்கு கணக்கில் எடுத்துக்கொண்டது. சமூகநீதி மாணவர் இவை இரண்டையும் ஒரே வாரத்தில் படித்தால் நிரூபிக்கும் சுமை என்ற வறண்ட சொல்லுக்குள் எவ்வளவு பணம் புழங்குகிறது என்று தெரிந்துவிடும்.

வேலூர் தீர்ப்புக்கு ஏற்கனவே ஒரு பாடத்தாள் இருக்கிறது என்பது தனி வேடிக்கை. வேலூர் வழக்கில் வாதாடிய எம்.சி. மேத்தா, அதே 1991-இல் இன்னொரு மனுவில், நாட்டின் எல்லா மாணவரும் சுற்றுச்சூழல் படிக்க வேண்டும் என்று கேட்டு உத்தரவு வாங்கினார். பன்னிரண்டு ஆண்டு இழுத்தடித்த பின் பல்கலைக்கழக மானியக் குழு இளங்கலை வகுப்புகள் அனைத்துக்கும் ஆறு மாதக் கட்டாயத் தாள் கொண்டுவந்தது. ஆகவே பி.காம். படித்தவரும் தமிழ் இலக்கியம் படித்தவரும் மாசு செய்தவர் செலவை ஏற்கும் கொள்கை என்று ஒருமுறையாவது எழுதியிருப்பார்கள். தேர்வுக்கு முந்தின இரவு புரட்டிவிட்டு மறக்கும் தாள்களில் அது முதலிடம் வகிக்கிறது. 2010-இன் தேசிய பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு இந்தக் கொள்கைகளைப் பெயர் சொல்லியே ஏற்றுக்கொண்டதும் பாடத்தில் வரும். ஆம்பூருக்கும் அதற்கும் தொடர்பு இருப்பதாக ஆம்பூர்ப் பிள்ளைக்கே யாரும் சொல்வதில்லை.

அளவீடு யாருக்காக நடக்கிறது என்பதைப் பார்ப்போம். 1989-இல் ஜெர்மனி, தோலைப் பூஞ்சை பிடிக்காமல் காக்கும் பென்டாகுளோரோஃபீனாலைத் தடை செய்தது. சில ஆண்டுகளில் சிலவகை அசோ சாயங்களையும் தடுத்தது. வேலூர் மாவட்ட ஆலைகள் மருந்தை மாற்றின, சாயத்தை மாற்றின, ஆய்வுக்கூடச் சான்று வாங்கின. வாங்குபவன் எண் கேட்டால் எண் கிடைத்தது. குரோமியத்திலும் அப்படித்தான். தோலில் இருக்கும் மூவிணைத்திறன் குரோமியம் பெரிதாகக் கெடுதல் செய்யாது. அதன் உடன்பிறப்பான அறுவிணைத்திறன் குரோமியம் வேறு ஜாதி: குரோமேட் அயனி வடிவத்தில் சல்ஃபேட்டை ஒத்திருப்பதால், சல்ஃபேட்டை ஏற்றும் வழியிலேயே செல்லுக்குள் போய், அங்கே மாற்றமடையும்போது மரபுப்பொருளைச் சிதைக்கிறது. புற்றுநோய் உண்டாக்கும் என்பது உறுதி. தோலில் அது ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்ற ஐரோப்பிய விதி 2015 மே 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

ராணிப்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை 1970களின் நடுவிலிருந்து இருபது ஆண்டு ஓடியது. பதனிட வேண்டிய குரோமிய உப்பைச் செய்த ஆலை அது. மூடிவிட்டுப் போனபோது அறுவிணைத்திறன் குரோமியம் கலந்த கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் திறந்தவெளியில் குவிந்து கிடந்தது. மழைக்கு மழை மஞ்சள் நீர் வழிந்தது. 2006-இல் உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்கள் என்று ஓர் அமெரிக்க அமைப்பு வெளியிட்ட பட்டியலில் ராணிப்பேட்டை இருந்தது. ஹாம்பர்க்கில் நடக்கும் காலுக்குக் கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்று கண்டிப்பான வரம்பு. குவியலின் கீழே கிணறு வைத்திருந்தவருக்கோ பத்தாண்டு பத்தாண்டாகக் காத்திருப்பு. இரண்டிலும் வேதியியல் ஒன்றே. கேட்பவரின் பலம்தான் வேறு.

இழப்பீட்டுக் கணக்கைத்தான் மாணவர் கையாலேயே போட்டுப் பார்க்க வேண்டும். 1996 தீர்ப்பின்படி அமைந்த இழப்பீட்டு ஆணையம் 2001 மார்ச்சில் தன் முடிவைச் சொன்னது. 547 ஆலைகள், வேலூர் மாவட்டத்தில் 29,193 பேருக்கு 26 கோடியே 82 லட்சம் ரூபாய் தர வேண்டும். பாதிக்கப்பட்ட நிலம் சுமார் 15,165 ஹெக்டேர். காலம் 1991 ஆகஸ்ட் முதல் 1998 டிசம்பர் வரை. வகுத்தால் ஆளுக்குச் சராசரி 9,200 ரூபாய்க்குள். ஹெக்டேருக்கு 17,700 ரூபாய் போல. மாதத்துக்கு 200 ரூபாய், ஏக்கருக்கு 80. சராசரி என்பதால் சிலருக்குக் கூட, சிலருக்குக் குறைய. இருந்தாலும் ஒரு கொள்கை எவ்வளவு உயரமாக இருந்தாலும் கடைசியில் ஒரு வகுத்தலில் வந்து நிற்கும் என்பதை இந்த 80 ரூபாய் சொல்லிவிடுகிறது. அதுவும் எல்லோருக்கும் போய்ச் சேரவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடி தலையிட்டு, கிடைக்காதவர்களுக்கு ஆறு வாரத்துக்குள் அரசே கொடுத்துவிட்டு ஆலைகளிடம் வசூலித்துக்கொள்ளச் சொன்னது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்துக் கண்காணிக்கவும் உத்தரவிட்டது. மனுப் போட்டபோது பிறந்த குழந்தைக்கு அப்போது 33 வயது. இடையில் வேலூர் மாவட்டமே மூன்றாகப் பிரிந்து, ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டன.

தோல் பணம் கெடுத்தது மட்டும்தான் கதை என்று எழுதினால் அது பொய்க்கணக்கு. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919-இல் வந்தது. மேல்விஷாரம் கல்லூரி தோல் வணிகர் அப்துல் ஹக்கீம் பெயரைத் தாங்கியிருக்கிறது. அரசு கல்லூரி கட்டாத ஊர்களில் தோல் வணிகம் கட்டியது. ஆம்பூர் ஷூ கம்பெனிகளின் வேன்கள் காலையில் கிராமம் கிராமமாகப் பெண்களை ஏற்றிக்கொண்டு போகின்றன; வயல் வேலை போன வீடுகளில் அந்தச் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. இப்படிப் பின்னிக் கிடப்பதை ஒற்றை வாக்கியத்தில் தீர்ப்புச் சொல்லாமல் படிப்பதற்குத்தான் மூன்று ஆண்டு வேண்டியிருக்கிறது.

ஹெக்டேரில் கணக்கிட்ட இழப்பில் வராதவர்கள் யார் என்பது கடைசி ஆண்டு ஆய்வுக்குரிய கேள்வி. கழிவுத் தொட்டியில் இறங்குபவர் ஒருவர். சல்ஃபைடு கலந்த கசடில் அமிலம் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கிளம்பும். கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம். காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கைத் தாண்டினால் மூக்கு முகரும் திறனை இழக்கிறது. நாற்றம் நின்றுவிட்டது, இனி இறங்கலாம் என்று நினைக்கும் நேரம்தான் மிக ஆபத்தானது. உப்புக் கரைசலைக் காய்ச்சி வற்றவைத்து ஆற்றில் விடாமல் தடுக்கும் புது முறையிலும் உப்பும் கசடும் எங்காவது குவிந்துதான் ஆக வேண்டும். 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டை சிப்காட்டில் பொது சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். ஐரோப்பாவில் 3 மில்லிகிராம் விதி அமலாக அப்போது மூன்று மாதம் இருந்தது.

இன்னொருவர், நிலமே இல்லாத விவசாயக் கூலி. பட்டா இல்லை, கிணறு இல்லை. வயல் கெட்டபோது அவருக்குப் போனது வேலைநாள். இதைக் கணக்கிட முடியாது என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. ஒவ்வொரு பயிருக்கும் ஹெக்டேருக்கு எத்தனை மணி நேர மனித உழைப்பு தேவைப்படுகிறது என்று மத்திய அரசின் சாகுபடிச் செலவு ஆய்வு பல ஆண்டுகளாகப் பதிவு செய்துவருகிறது. நெல்லுக்கு உள்ளதை எடுத்து, 15,165 ஹெக்டேரில் நெல் இருந்த பங்கால் பெருக்கி, இரண்டு போகத்துக்கு எழுதி, அந்த ஏழு ஆண்டுகளின் கூலி விகிதத்தைப் போட்டால் ஒரு தொகை வரும். நடவுக்கும் களைக்கும் போனவர்கள் பெரும்பாலும் பெண்கள் என்பதால் ஆண் கூலி, பெண் கூலி என்று தனித்தனியாகப் போட வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் பழைய அடங்கலில் எந்த சர்வே எண்ணில் எந்த ஆண்டு என்ன பயிர் என்று கிடைக்கும். 1991-க்கு முந்தைய பக்கங்களிலிருந்து தொடங்கலாம்.